காலை ஒன்று, இரவு ஒன்று

என் பையில் ஒரு பிரஷர் மெஷின்,
நான்கு பேட்டரி, அதில் இரண்டு என் காசு.
பட்டியலில் நூற்றுப் பதினேழு பெயர்.
போன மாதம் நூற்றுப் பத்தொன்பது.

கொள்ளிடக் கரையில் கடைசி வீடு வைரக்கண்ணுவுடையது.
எழுபத்துமூன்று வயது. மண்வெட்டி பிடித்த கை,
இப்போது பட்டையைச் சுற்றினால் மிச்சம் தொங்குகிறது.
நூற்று எழுபத்தாறு.
மறுபடி வைத்தேன். நூற்று எழுபத்தெட்டு.
மாத்திரை போடுறீங்களா?
"தவறாம."
அட்டைகளை எடுத்துப் போட்டார். எல்லாம் காலி.
தேதிக் கணக்கும் சரியாக இருந்தது.

அப்புறம்தான் பாக்குவெட்டியைப் பார்த்தேன்.
பல்லில்லாத மனிதர்,
எதையும் இரும்பு உரலில் இடித்துத்தான் போடுவார்.
பாக்குவெட்டியின் விளிம்பில்
வெள்ளையாய் மாவு.

பாதி இவருக்கு.
பாதி ஆற்றுக்கு அந்தப்பக்கம், தம்பி பக்கிரிக்கு.
பெண் எடுத்த வீட்டிலேயே தங்கிப்போனவர்.
அந்தக் கரை வேறு மாவட்டம்.
அங்கே என்னைப்போல் பை தூக்கிய பெண்
திருப்பூர் போய் எட்டு மாதம்.
இன்னும் ஆள் போடவில்லை.
ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ். இரண்டாவது எப்போது வருமென்று
அதன் டிரைவருக்கே தெரியாது.
சித்திரையில் கொள்ளிடம் வெறும் மணல்.
மடியில் பொட்டலம், நடந்தால் அரை மணி.
மணல் அள்ளிய பள்ளங்களைச் சுற்றினால்
கொஞ்சம் கூட.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
டாக்டர் எண்ணைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்,
சீட்டில் எழுதினார்:
காலை ஒன்று, இரவு ஒன்று.

பாக்குவெட்டிக்கு வேலை போயிற்று.
காலை மாத்திரை இந்தக் கரையில் கரைந்தது,
இரவு மாத்திரை அந்தக் கரையில்.
அடுத்த மாதம் நூற்று முப்பத்திரண்டு.
ஒன்றியக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.
டீயும் மிக்சரும்.

ஒரு ஞாயிறு, மனசு கேட்கவில்லை, கூடவே போனேன்.
நடு ஆற்றில் ஊற்றுக்குழி பக்கம் தம்பி உட்கார்ந்திருந்தார்,
அண்ணனையே வெந்நீரில் நனைத்துக்
கொஞ்சம் சுருக்கியதுபோல்.
மணலில் துண்டை விரித்து மெஷினை வைத்தேன்.
நூற்று நாற்பத்தாறு, தொண்ணூறு.
போனில் பெயரைத் தட்டினேன்:
உங்கள் பகுதியில் இப்படி ஒருவர் இல்லை.
நடு ஆறு யாருடைய பகுதி?
எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.
கரையேறுவதற்குள் வியர்வை தின்றதுபோக
ஓர் ஒன்று மட்டும் நின்றது.

அண்ணன் தம்பி பேசியது இவ்வளவுதான்:
"போட்டியா?"
"போட்டேன்."
"உப்பு?"
"கொறச்சாச்சு."

ஆடியில் தண்ணீர் வந்தது.
காவி நிறத்தில், நாணலை மடக்கிக்கொண்டு,
ஊற்றுக்குழியை, பள்ளங்களை, நாங்கள் உட்கார்ந்த இடத்தை
ஒரே இரவில் மூடிக்கொண்டு.
காலையில் ஊரே கரையில் நின்றது.
காப்பரிசி, மஞ்சள் கயிறு, பையன்களின் செல்பி.
நானும் கும்பிட்டேன். எனக்கும் அரைக் காணி இருக்கிறது.

ஆவணியில் வைரக்கண்ணு
சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.
நூற்று நான்கு. கீழே ஐம்பத்தெட்டு.
எழுந்தால் தலை சுற்றுகிறதாம்.
நேற்று மாட்டுக்கொட்டகையில் விழப்பார்த்தாராம்.
"அந்த ராத்திரி மாத்திரை?"
கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தார்.
"அரசாங்க மாத்திரை. வீணாக்கக் கூடாதுல்ல.
நானே போட்டுட்டேன்."

எதிர்க்கரையில் ஒருவருக்கு
இன்றைக்கு என்ன எண் என்று
எந்தப் போனிலும் இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன்.
"நல்லாத்தானே இருந்தாரு. ஏன் இப்படி எறங்குச்சு?"
"கொள்ளிடத்துல தண்ணி வந்துடுச்சு டாக்டர்."
"அப்படியா," என்றார்,
"நல்ல சேதிதானே."